அமிர்தசரஸில் ஒரு பசித்த சிறுவன்

கமலநாதன் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிளை நிர்வாகியாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு இரண்டு காரியங்கள் செய்தார். தாடி வளர்த்தார், கேமரா வாங்கினார். தாடி கன்னத்தில் பாதி இடத்தோடு நின்றுவிட்டது. கேமராதான் வளர்ந்துகொண்டே போனது. முதலில் ஒரு லென்ஸ், பிறகு அதைவிட நீளமாக ஒன்று, அதற்கு ஒரு முக்காலி, எல்லாவற்றையும் வைக்க ஒரு பை, அந்தப் பையைச் சுமக்க அவருடைய மனைவி புனிதா.

மலை, கடல், கோபுரம் எதையும் அவர் எடுக்க மாட்டார். அதெல்லாம் போஸ்ட்கார்டுக்காரர்கள் வேலை என்பார். அவருக்கு வேண்டியது அன்றாட வாழ்க்கை. ஆக்ராவுக்குப் போனபோது தாஜ்மகாலுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரை நாள் முழுக்கக் குறிவைத்து உட்கார்ந்திருந்தார். புனிதா ஆக்ரா போய்வந்தவள்தான். ஆனால் தாஜ்மகாலின் முன்பக்கத்தை இன்றுவரை காலண்டரில்தான் பார்த்திருக்கிறாள். ஹனோய் சந்தையில் ஒரு கிழவி இவர் மேல் பப்பாளியை எறிந்தாள். அதையும் படம் எடுத்திருந்தார். படத்தில் கிழவி சின்னதாகவும் பப்பாளி மிகப் பெரியதாகவும் தெரியும்.

யாரிடமும் பேசக் கூடாது என்பது அவருடைய கொள்கை. பேசினால் முகத்தில் இருக்கும் இயல்பு போய்விடுமாம். தூரத்தில் நின்று நீள லென்ஸில் பிடிப்பார். அந்த முகத்துக்கு உரிய கதையை ஹோட்டல் அறைக்கு வந்த பிறகு சாவகாசமாக யோசித்து எழுதுவார். அத்தனை வருஷம் காப்பீடு விற்றவருக்கு, இரண்டு வரியில் ஆளைக் கலங்கவைப்பது ஒரு பெரிய வேலையே இல்லை.

இப்படிப் பிறந்ததுதான் அவருடைய படங்களிலேயே பேர் வாங்கிய படம். அமிர்தசரஸ் பொற்கோயிலின் குளத்தங்கரையில் ஒரு சீக்கியச் சிறுவன் உட்கார்ந்திருக்கிறான். தலையில் நீலத் துணி இறுக்கிக் கட்டியிருக்கிறது. கைகள் கூப்பியிருக்கின்றன. கண்கள் இறுக மூடியிருக்கின்றன. கன்னத்தில் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர். குளத்தின் பொன் வெளிச்சம் அந்தச் சொட்டில் விழுந்து மின்னுகிறது. கீழே கமலநாதன் எழுதியிருந்தார்: ‘ஒரு பிடி சோறு கேட்டு. அமிர்தசரஸில் ஒரு பசித்த சிறுவன்.’

கமலநாதன் சேர்ந்திருந்த படப்பிடிப்பாளர் வட்டம், அவர் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி மண்டபத்தில் பயணப் படக் கண்காட்சி வைத்தபோது, இந்தப் படத்தைத்தான் வாசலுக்கு நேரே மாட்டினார்கள். தமிழ்ப் பத்திரிகை ஒன்று அதை ஞாயிறு மலரில் அரைப் பக்கத்துக்குப் போட்டது. வட்டத்தின் தலைவர் ராதாகிருஷ்ணன் பறவைகளை மட்டுமே எடுப்பவர். அவர்கூட, “கமல், இந்தப் பையன் முகம் மனச என்னமோ பண்ணுது லா” என்றார். கமலநாதனுக்கு அன்று இரண்டு அங்குலம் உயரம் கூடியதுபோல் இருந்தது.

கண்காட்சி திறந்து மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை காலையில், ஒரு பஞ்சாபிப் பெண்மணி வந்தார். நாற்பது வயது இருக்கும். வெளிர்பச்சை சுடிதார், தோளில் துப்பட்டா, கையில் கைப்பை. மற்ற எந்தப் படத்தையும் பார்க்காமல் நேரே அமிர்தசரஸ் சிறுவனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

சீக்கியப் பெண்மணியே தன் படத்தில் மயங்கி நிற்பதைக் கண்ட கமலநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் போய் ஆங்கிலத்தில் பேச்சை ஆரம்பித்தார்.

“நான் எடுத்த படம்தான் மேடம்.”

“அப்படியா? ரொம்ப அழகு. இந்தப் பையன் யார்?”

இதற்கு முன் பத்துப் பதினைந்து பேராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லச் சொல்ல அந்தப் பதிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சதைபிடித்திருந்தது. முதல் நாள் அவன் வெறும் ஏழைச் சிறுவன். மூன்றாம் நாள் அவனுக்கு அப்பா இல்லை. இப்போது கமலநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“பாவம் மேடம், அநாதை. ரெண்டு நாளாச் சாப்பிடலையாம். நான் ஒரு மணி நேரம் அவன் பக்கத்துல உட்கார்ந்து பேசினேன். கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்.”

“ஐயோ. என்ன மொழியில பேசினீங்க?”

“கொஞ்சம் ஹிந்தி... கொஞ்சம் சைகை.”

“பேர் சொன்னானா?”

“பேரு... குரு. குர்... குரு சிங்.”

“குரு சிங்” என்று அந்த அம்மாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “எதுக்காக அழுறேன்னு சொன்னானா?”

கேள்விகள் ஒரு மாதிரியாகப் போவதை கமலநாதன் உணர்ந்தார். பின்னால் நின்ற ராதாகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்து, தமிழில், “இந்தம்மா நம்மள விடாது போலிருக்கே. நீ வந்து உன் மரங்கொத்தியைக் காட்டிக் கூட்டிட்டுப் போயேன்” என்றார்.

“மரங்கொத்திய அப்புறம் பார்த்துக்கறேன் அண்ணே” என்றார் அந்த அம்மாள், சுத்தமான தமிழில். “முதல்ல குரு சிங்கைப் பார்ப்போம்.” பிறகு வாசல் பக்கம் திரும்பி, வகுப்பறையின் கடைசி பெஞ்சுவரை எட்டும் ஒரு குரலில், “ஜஸ்ராஜ்! உள்ள வா!” என்று கூப்பிட்டார்.

கையில் ஐஸ்கிரீமோடு ஒரு பையன் உள்ளே வந்தான். தலையில் அதே நீலத் துணி. கன்னம் மட்டும் படத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் உப்பியிருந்தது. படத்தைப் பார்த்தான், கமலநாதனைப் பார்த்தான், ஐஸ்கிரீமை ஒரு தடவை நக்கினான்.

“இது என் மகன் ஜஸ்ராஜ் சிங். கிள்ளான்ல மூனாம் ஆண்டு படிக்கிறான். இவன் அநாதைன்னு இப்பத்தான் எனக்கே தெரியும். இவங்கப்பா கீழ காருக்குப் பார்க்கிங் தேடிக்கிட்டிருக்கார். மேல வந்தா நீங்களே அவருக்குச் சொல்லிடுங்க. நான் பல்விந்தர் கவுர். இடைநிலைப் பள்ளியில கட்டொழுங்கு ஆசிரியை.”

கட்டொழுங்கு ஆசிரியை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கமலநாதன் தம்மையறியாமல் சட்டையை உள்ளே தள்ளினார். ராதாகிருஷ்ணன் ஓசைப்படாமல் தம் பறவைகள் பக்கம் நகர்ந்துவிட்டார்.

“டீச்சர்... நீங்க தமிழ்...”

“காப்பார் பக்கம் எஸ்டேட்ல எங்கப்பா லோரி டிரைவர். தொழிலாளர் லயத்துல எங்க வீடு ஒன்னுதான் பஞ்சாபி வீடு. பள்ளிக்கூடம் போற வரைக்கும் எனக்குத் தமிழ்தான் பேச வரும். அதை விடுங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், கேளுங்க.”

நடந்தது இதுதான். ஜஸ்ராஜின் வகுப்பில் யுகேந்திரன் என்று ஒரு பையன். இருவரும் உயிர் நண்பர்கள். ஞாயிறு மலரில் வந்த படத்தை யுகேந்திரன் வீட்டில் பார்த்திருக்கிறான். பார்த்ததும் நண்பனை அடையாளம் கண்டுவிட்டான். எழுத்துக்கூட்டிக் கீழே இருந்ததையும் படித்துவிட்டான். போன விடுமுறையில் ஜஸ்ராஜ் இந்தியாவுக்குப் போனது அவனுக்குத் தெரியும். ஏன் போனான் என்பது இப்போதுதான் விளங்கியது: இங்கே சாப்பாட்டுக்கு வழியில்லாமல் அங்கே தேடிப் போயிருக்கிறான். மறுநாள் யுகேந்திரன் கண்கலங்க வகுப்பு முழுவதற்கும் இதைச் சொன்னான். தன்னுடைய நாசி லெமாக்கை, காரச் சம்பல் வைத்த தேங்காய்ச் சோற்றை, அப்படியே நண்பன் கையில் வைத்தான். அடுத்த நாள் இன்னொரு பிள்ளை பொரித்த மீ நூடுல்ஸ் கொண்டுவந்தது. ஒரு பெண் பிள்ளை தன் அண்ணனின் பழைய சப்பாத்தைக் காலில் போட்டுக்கொள்ளக் கொடுத்தது. வகுப்பாசிரியை இவன் பெயரைச் சத்துணவுக்குச் சேர்த்துவிட்டார்.

“இவன் என்ன செஞ்சான் தெரியுமா?” என்றார் பல்விந்தர். “வாயைத் திறக்கல. இல்ல, திறந்தான், திங்கறதுக்குத் திறந்தான். வீட்ல ராத்திரி சாப்பாடு வேணாங்கிறான். உடம்பு சரியில்லையோன்னு கிளினிக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் எடை பார்த்துட்டு என்னைப் பார்த்தார். அப்புறம்தான் விசாரிச்சேன்.”

“ஏன்டா தம்பி நீ சொல்லல?” என்று கமலநாதன் பரிதாபமாகக் கேட்டார்.

ஜஸ்ராஜ் யோசித்துவிட்டுச் சொன்னான்: “அங்கிள், யுகேன் அம்மா சம்பல் ரொம்ப சேடாப், அவ்வளவு ருசி.”

“படத்தை இப்பவே கழட்டிடறேன் டீச்சர்.”

“கழட்ட வேணாம். படம் நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் கீழ இருக்கிறதுதான் பொய். பொற்கோயில்ல ஒருத்தன் பசியோட உட்கார்ந்திருக்கான்னு எழுதியிருக்கீங்களே அண்ணே, அங்க யாராவது பசியோட இருக்க முடியுமா? குளத்துக்குப் பக்கத்துலயே லங்கர், பகலும் ராத்திரியும் சோறு போடறாங்க. நீங்க அங்க சாப்பிடலையா?”

படம் எடுத்த அன்று கமலநாதன் ஹோட்டலுக்குத் திரும்பி பீட்சா வரவழைத்துச் சாப்பிட்டிருந்தார். கேமராப் பையோடு உட்காரவைக்கப்பட்டிருந்த புனிதாதான், பையையும் தூக்கிக்கொண்டு போய் லங்கரில் சாப்பிட்டுவிட்டு வந்து, “பாயசம் எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?” என்றாள். அன்றாட வாழ்க்கையைப் பற்றிய கவலையில் அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“அப்ப எதுக்குத்தான் அழுதே?” என்று பையனைக் கேட்டார். கேட்ட பிறகுதான், இந்தக் கேள்வியைப் பல மாதங்களுக்கு முன்பு, குளத்தங்கரையிலேயே கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. இருபது அடி நடந்திருந்தால் போதும்.

ஜஸ்ராஜ் ஐஸ்கிரீமைக் கீழே இறக்கினான். “என் ஹேம்ஸ்டரைப் பக்கத்து வீட்டு ஆன்டிகிட்ட விட்டுட்டுப் போனோம். அங்க போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அந்த ஆன்டி வீட்ல பூனை இருக்கு. அதான் வாஹேகுருகிட்ட சொன்னேன், பூனைக்குப் பசிக்கக் கூடாதுன்னு.”

“அப்புறம்?”

“வந்து பார்த்தா ஏழு ஹேம்ஸ்டர்.”

“ரொம்ப நேரம் வேண்டிக்கிட்டான்” என்றார் பல்விந்தர். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. “சரி அண்ணே, இதைச் சரிபண்ணணும். வகுப்புல அத்தனை பிள்ளைங்க சாப்பாட்டையும் இவன் தின்னிருக்கான். திருப்பிப் போடணும். அடுத்த ஞாயிறு எங்க குருத்துவாராவுக்கு வகுப்பு முழுக்க வரச் சொல்லியிருக்கேன், அப்பா அம்மாவோட. நீங்களும் வாங்க. நீங்க எழுதினது பொய்னு அந்தப் பிள்ளைங்ககிட்ட நீங்களே உங்க வாயால சொல்லணும். கேமராவும் கொண்டுவாங்க. காலையில பசியாறாம வாங்க.”

வீட்டுக்குப் போய் கமலநாதன் நடந்ததைச் சொன்னபோது புனிதா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: “அந்த டீச்சர் நம்பர் இருக்கா? எனக்கு வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பி கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறினால், ஷா ஆலம் வரைக்கும் ஜாம். யாரோ ஒரு லோரிக்காரர் முட்டையைக் கொட்டிவிட்டாராம். கமலநாதன் பசியாறாமல் வந்திருந்தார். டீச்சர் சொன்னதை மீற அவருக்குத் தைரியம் வரவில்லை. புனிதா மட்டும் வழியெல்லாம் முறுக்குத் தின்றுகொண்டு வந்தாள். “எனக்கு யாரும் சொல்லலையே” என்றாள்.

கிள்ளான் குருத்துவாரா வாசலில் காலணிகளைக் கழற்றி, கைகால் கழுவி, கூடையிலிருந்து எடுத்த ஆரஞ்சுத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். கமலநாதனுக்கு ஜஸ்ராஜே கட்டிவிட்டான். கொஞ்சம் சரிந்து ஒரு காதை மூடியது. கட்டியவன் திருப்தியாக இருந்ததால் அவர் அதைத் தொடவில்லை.

மேலே வழிபாட்டு மண்டபத்தில் ஹார்மோனியமும் தபலாவும் சேர்ந்து கீர்த்தனை நடந்துகொண்டிருந்தது. குரு கிரந்த சாஹிபின் முன் எல்லாரும் நெற்றி தரையில் படக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு முதியவர் சூடான கடா பிரசாதத்தை உருட்டிக் கையில் வைத்தார். கோதுமையும் நெய்யும் சீனியும் சேர்ந்த அந்த உருண்டை, காலையிலிருந்து காய்ந்திருந்த கமலநாதனின் வயிற்றுக்குள் போனதும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சர்தார்ஜி அதைப் பார்த்துவிட்டு, பக்தியில் உருகுகிறார் என்று நினைத்து, அன்போடு முதுகைத் தடவிக்கொடுத்தார். இல்லை, பசி என்று சொல்ல கமலநாதனுக்கு வாய் வரவில்லை. அடுத்தவர் கண்ணீரைத் தப்பாகப் படிப்பது எவ்வளவு சுலபம் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

கீழே லங்கர் மண்டபத்தில் பிள்ளைகள் வந்து சேர்ந்திருந்தார்கள். யுகேந்திரன் தன் அம்மா மாதவியோடு வந்திருந்தான். ஒல்லியான பையன், முகத்தில் ஒரு சமூகசேவகரின் கவலை. கையில் இன்னும் ஒரு நாசி லெமாக் பொட்டலம் வைத்திருந்தான்.

பல்விந்தர் கையைத் தட்டினார். மண்டபமே அடங்கியது. “இந்த அங்கிள் உங்ககிட்ட ஒன்னு சொல்லப் போறார்.”

ஆயிரம் முகவர்களுக்கு முன்னால் பேசிப் பழகிய கமலநாதனுக்கு, இந்த முப்பது சொச்சம் பிள்ளைகளுக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

“பிள்ளைகளா... ஜஸ்ராஜ் படத்தை நான்தான் எடுத்தேன். அவனைக் கேக்காம எடுத்தேன். அவனுக்குப் பசின்னு நானா எழுதினேன். அது பொய். அவன் அவனோட ஹேம்ஸ்டருக்காக வேண்டிக்கிட்டிருந்தான். தப்பு என்னுது. மன்னிச்சிருங்க.”

யுகேந்திரன்தான் முதலில் வாயைத் திறந்தான். அவன் கமலநாதனைப் பார்க்கவே இல்லை, நண்பனைத்தான் பார்த்தான்.

“அப்ப நீ ஏழை இல்லையா?”

“இல்ல.”

“உங்கப்பா கார் சாமான் கடை நிஜமாவே உங்களோடதா?”

“ஆமா.”

“அப்ப என்னோட நாசி லெமாக்?”

ஜஸ்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அதுவரை எதற்கும் வெட்கப்படாத பையனின் காதுமடல் சிவந்தது. “ஸாரி யுகேன். நீ கொடுக்கறப்ப நீ ரொம்ப ஹேப்பியா இருந்தே. அதான் சொல்லல. அப்புறம்... சம்பல்.”

மாதவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “தினம் ரெண்டு பொட்டலம் கேட்டு வாங்கிட்டுப் போனானே, இதுக்குத்தானா? நான் இவன்தான் வளர்றான்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்!”

யுகேந்திரன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான், நண்பனைப் பார்த்தான். பிறகு அதைத் தன் அம்மாவிடமே கொடுத்துவிட்டு, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “சரி, இன்னைக்கு நீ எனக்குப் போடு.”

ஜஸ்ராஜ் போட்டான். சப்பாத்தி, பருப்பு, உருளைக்கிழங்கு, தயிர், பாயசம் என்று வாளி வாளியாக வந்தது. வரிசையில் எல்லாருக்கும் ஒரு கரண்டி என்றால் யுகேந்திரனுக்கு மூன்று. தட்டில் வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். யுகேந்திரன் தின்றான். தட்டு காலியாவதைப் பார்த்த ஜஸ்ராஜ் மறுபடியும் வாளியோடு வந்தான். யுகேந்திரன் கையால் தட்டை மூடினான். விரல் இடுக்கில் பருப்பு இறங்கியது. “டேய், போதும்டா! நான் ஏழை இல்லடா!” என்று அவன் அலறியது சமையலறைவரை கேட்டது.

அங்கே புனிதா பஞ்சாபிப் பெண்களோடு உட்கார்ந்து சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதோடு, ஆக்ராவில் தாஜ்மகாலின் முதுகைப் பார்த்த கதையையும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிரிப்பு எழுந்தது. கமலநாதன் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்று முடிவுசெய்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள், அவர்களுக்கு மேலே ஜன்னலிலிருந்து சரிந்து விழும் வெளிச்சம். தரையோடு தரையாகக் கிடந்து எடுத்தால் அபாரமாக வரும். கேமராவோடு மண்டபத்தின் ஓரத்தில் மெல்லக் குப்புறப் படுத்தார். ஒரு கண்ணை மூடி மூச்சை அடக்கினார்.

“அங்கிள் விழுந்துட்டார்!” என்று ஒரு பெண் பிள்ளை கத்தியது.

அடுத்த நிமிடம் அவரைச் சுற்றிக் கூட்டம். மேலே முதுகைத் தடவிய அதே சர்தார்ஜி ஓடிவந்து அவரைப் புரட்டிப்போட்டு உள்ளங்காலைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு அம்மாள் துப்பட்டாவால் விசிறினார். இன்னொருவர் சீனி போட்ட தேநீரை வாயில் ஊற்றினார். “ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, படம் எடுக்கறேன்” என்று கமலநாதன் சொல்லப் பார்த்தார். வாய் நிறையத் தேநீர் இருந்ததால் அது முனகலாகத்தான் வந்தது. அவர் முனக முனக சர்தார்ஜி இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

“புனிதா ஆன்டி, உங்க வீட்டுக்காரர் மயக்கம் போட்டுட்டாராம்!”

புனிதா மாவுக்கையோடு எட்டிப் பார்த்தாள். “மயக்கம் இல்லம்மா, அவர் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விஷயம் விளங்கியதும் சர்தார்ஜி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “போட்டோகிராபரா? பாஸ், அப்ப எங்களை ஒரு படம் எடுங்க!” என்று குடும்பத்தையே கூட்டிவந்து நிறுத்தினார். அவர் குடும்பத்தைப் பார்த்து அடுத்த குடும்பம் வந்தது. கமலநாதன் கெஞ்சினார்: “நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க, இயல்பா இருங்க, நான் எடுத்துக்கறேன்.” யாரும் கேட்கவில்லை. துப்பட்டாவைச் சரிசெய்தார்கள், தாடியைத் தடவினார்கள், தூங்கிய குழந்தையை எழுப்பினார்கள். ஒருவர் மகனின் பாஸ்போர்ட்டுக்கு ஒரு படம் வேண்டும் என்று வெள்ளைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினார். சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளையை இந்தப் படத்தில் சேர்க்க முடியுமா என்று ஒரு அம்மாள் கைத்தொலைபேசியை நீட்டினார்.

எடுத்தார். வேறு வழியில்லாமல் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் யார், என்ன பெயர், எப்படி உறவு என்று கேட்டுத்தான் வரிசையாக நிற்கவைக்க வேண்டியிருந்தது. கேட்டால் அவர்களும் சும்மா விடவில்லை. இவர் பெயர், வீடு, பிள்ளைகள், சீனி வியாதி எல்லாவற்றையும் கேட்டார்கள். உள்ளங்காலைத் தேய்த்த சர்தார்ஜி முன்பு தபால்துறையில் இருந்தவர், பிரிக்பீல்ட்ஸில் இவர் தெருவிலேயே பல காலம் வேலை பார்த்தவர் என்று தெரிந்தது. மதியம் சாய்ந்தபோது கமலநாதனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒரே நாளில் இத்தனை பேரிடம் அவர் பேசியதே இல்லை.

கடைசியாகப் பிள்ளைகளின் படம். ஜஸ்ராஜ்தான் எல்லாரையும் நிறுத்தினான். தனக்குப் பக்கத்தில் யுகேந்திரனை இழுத்து நிறுத்தினான். யுகேந்திரனால் நேராக நிற்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நண்பன்மேல் சாய்ந்துகொண்டான். கமலநாதன் கேமராவைத் தூக்கினார்; பிறகு இறக்கினார்.

“ஜஸ்ராஜ், எடுக்கட்டுமா?”

அந்தக் கேள்வி அவருக்கே புதிதாக இருந்தது. பையன் ராஜா மாதிரித் தலையாட்டினான்.

“எடுங்க அங்கிள்.”

கண்காட்சியின் கடைசி வாரத்தில் அமிர்தசரஸ் படத்துக்குக் கீழே புதிய வரிகள் இருந்தன. ஜஸ்ராஜ் சொல்லச் சொல்ல கமலநாதன் எழுதியது: ‘ஜஸ்ராஜ் சிங், கிள்ளான். ஹேம்ஸ்டருக்காக வேண்டிக்கொள்கிறான். சாப்பிட்டுவிட்டான்.’ வந்தவர்கள் படத்தைப் பார்த்துக் கலங்கி, கீழே படித்துவிட்டுச் சிரித்து, மறுபடி நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்கள். இரண்டாம் தடவை அவர்கள் அதிக நேரம் பார்த்ததை கமலநாதன் ஒரு ஓரத்தில் நின்று கவனித்தார். சீக்கியச் சிறுவன் யார் என்று கேட்டவர்களுக்கு அவர் இப்போது உண்மைக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல ஹேம்ஸ்டர் குட்டிகளின் எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் ஏறியது. பழக்கதோஷம்.

கிள்ளானில் எடுத்த பிள்ளைகள் படத்தையும் பெரிதாக்கி அதற்குப் பக்கத்தில் மாட்ட அவர் கொண்டுவந்தார். பாதிப் பேர் விரலை ‘வி’ மாதிரி வைத்திருந்தார்கள். ஒருவன் கண்ணை மூடியிருந்தான். யுகேந்திரன் உதட்டோரத்தில் பாயசம். ராதாகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“கமல், இது பயணப் படக் கண்காட்சி லா. வாரணாசி, ஹனோய், அமிர்தசரஸ்னு இருக்கு. நடுவுல கிள்ளான் எப்படி வரும்? இது ஒரு பயணமா?”

“கூட்டரசு நெடுஞ்சாலையில, ஞாயித்துக்கிழமை காலையில, பசியாறாம, நடுரோட்டுல முட்டை லோரி கவிழ்ந்து கிடக்கு” என்றார் கமலநாதன், ஆணியைச் சுவரில் வைத்தபடி. “அமிர்தசரஸ் போறதுக்குக்கூட நான் இவ்வளவு கஷ்டப்படலப்பா. அந்தச் சுத்தியலை எடு.”